கையெழுத்துப் போடாத கை

என் வலது கை எல்லா வேலையும் செய்யும். தேங்காய் துருவும், ஊசியில் நூல் கோக்கும், கோபம் வந்தால் மேஜையை ஓங்கித் தட்டும். காய்கறிப் பட்டியல்கூட எழுதும். என் பெயரை மட்டும் எழுதாது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வேலைநிறுத்தம் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால், வேறு ஆளைப் பார் என்று அனுப்பியிருப்பேன்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்கிறேன். ரயில்வே சிக்னல் பெட்டிகளுக்குள் போகும் சர்க்யூட் போர்டுகள் எங்களுடையவை. ஒன்பது பெண்கள் ஒன்பது மேஜைகளில் உட்கார்ந்து, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை செய்வார்கள். செய்து முடித்தவை டிரேயில் ஏறி என்னிடம் வரும். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் கூட வரும் அட்டையில் கையெழுத்து. இல்லையென்றால் சிவப்பு டிரே. அந்த டிரேக்கு 'ஹோல்டு' என்று பெயர். அதில் விழுந்த போர்டு செய்தவளிடமே திரும்பிப் போகும். அவள் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும்.

ஒரு காலத்தில் கையெழுத்தே கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப்தான். 'பாஸ்' என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டாம்ப் எந்த நேரத்தில் யார் சட்டைப்பையில் இருக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஒருநாள் கேன்டீன் டோக்கனில் 'பாஸ்' அடித்திருந்தது. இன்னொரு நாள் யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக் டப்பாவில் அடித்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு பக்கம் எழுதி மேலாளரிடம் நீட்டினேன். ஸ்டாம்ப் ஒழிய வேண்டும். பார்த்தவர் யாரோ அவர் ஒவ்வொரு போர்டுக்கும் முழுப்பெயரைக் கையால் எழுத வேண்டும். இனிஷியல் செல்லாது. மேலாளர் மறுநாளே சம்மதித்துவிட்டார், என்னோடு வாதாடுவதைவிட அது சுலபம் என்பதால். அந்த ஸ்டாம்பை நானே கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அப்பா எனக்கு வைத்தது நீளமான பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அதன் வாலில் கணவரின் பெயரும் தொற்றிக்கொண்டது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது போர்டு. பதினான்கு வருஷம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது புரிய எனக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் கையெழுத்துக்குப் பேனாவை வைத்தேன். கட்டைவிரல் உள்ளே மடங்கியது. பேனா அட்டையைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்தது. இரண்டு வாரத்தில் மணிக்கட்டும் அதோடு சேர்ந்து வெளிப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. பேனாவைக் கீழே வைத்தால் போதும், கை ஒன்றும் தெரியாத பிள்ளையாகிவிடும். எடுத்தால் மறுபடி மடங்கும். காலையிலிருந்து நூற்று முப்பது கையெழுத்து வரை ஒழுங்காக வரும். அதற்கு மேல் கடை மூடியாயிற்று.

கணவர் பாளையங்கோட்டைக்காரர். இங்கே வந்து இருபத்தாறு வருஷமாகியும் அவருடைய தமிழும் வைத்தியமும் ஊரைவிட்டு நகரவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் இல்ல. லீவு கேக்குது, அம்புட்டுதான். ரெண்டு நாள் தைலம் தேச்சாச் சரியாப் போவும்."

தேய்த்தோம். தைலம் வாசனையில் பேனாவும் அட்டையும் கமகமத்தன. கை மசியவில்லை.

இதை அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் கையெழுத்துக்காகச் சண்டை போட்டு ஸ்டாம்பைக் கொன்றவள் நான். அவளுக்கே கையெழுத்து வரவில்லை என்றால் ஒன்பது மேஜையும் எப்படிச் சிரிக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். கை மடங்கிய பிறகு வரும் போர்டுகளை சிவப்பு டிரேயில் போட்டேன். ஹோல்டு சீட்டில் ஒரு டிக் அடித்தால் போதும், பெயர் வேண்டாம். டிக் அடிக்க மட்டும் அந்தப் படுபாவிக் கை மறுப்பே சொல்லவில்லை. அந்தப் போர்டுகள் திருத்தி மறுநாள் காலை வரும்போது கை தெம்பாக இருக்கும். போட்டுவிடலாம்.

அதன் விளைவு நான் எதிர்பார்க்காதது. மேடம் ரொம்பக் கண்டிப்பாகிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. மாதக் கூட்டத்தில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் என்னைக் காட்டி, தரம் என்றால் இப்படி இருக்க வேண்டும், இவரிடம் முகத்தாட்சண்யம் நடக்காது என்றார். கைதட்டினார்கள். ஒரு சால்வையும் போர்த்தினார்கள். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ரொம்பவே பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும்வரை அந்தச் சால்வையை நான் கழற்றவில்லை, மார்ச் மாத வெயிலில்.

ஆனால் போர்டுகள் வரும் வரிசை எப்போதும் ஒன்றுதான். டிராலி முதல் மேஜையில் கிளம்பி ஒன்பதாவது மேஜையில் முடியும். என் கை நூற்று முப்பதில் முடிந்துவிடும். ஆக, கடைசி மேஜைக்காரியின் டிரே என்னிடம் வரும்போது எனக்குக் கை இருக்காது. நாள் தவறாமல் அவளுடைய போர்டுகள்தான் சிவப்பில் விழுந்தன.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொள்ளுத்தாத்தா பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்தவர். அதன்பின் அந்தக் குடும்பம் திரும்பிப் போகவில்லை. இந்த ஊர்த் தமிழ் பேசுவாள், ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் கலந்து. ஒன்பது பேரில் அவளுடைய கைதான் சுத்தம். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் இருக்கும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளுடைய போர்டைத்தான் மாதிரிக்குக் காட்டுவேன். அவளுக்கும் அது தெரியும்.

முதல் முறை சிவப்பு டிரேயோடு என்னிடம் வந்தாள்.

"மேடம், கைக்கு ஹோல்டு பண்ணீங்க? எந்த ஜாயின்ட்டு?"

'கைக்கு' என்றால் அவர்கள் பேச்சில் 'எதற்கு'.

"பொதுவா ஒரு தடவ டச் பண்ணிக் கொண்டாம்மா" என்றேன்.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

அவள் என்னையும் போர்டையும் பார்த்தாள். டிரேயை எடுத்துப் போனாள். நன்றாக இருந்த ஜாயின்ட்டை மறுபடி சூடாக்கினாள். மறுநாள் இன்னொரு முறை. அதற்கு மறுநாள் இன்னொரு முறை. போகப் போக, பயத்தில் ஒரே ஜாயின்ட்டை இரண்டு மூன்று தடவை சுட ஆரம்பித்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுட்டால் அடியில் உள்ள செம்புத் தகடு தூக்கிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும், பாடமே எடுத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் அவளுடைய போர்டுகளில் நிஜமாகவே குறை வர ஆரம்பித்தது. அந்த முதல் நிஜக் குறையைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எப்படி எழுதுவது. அப்பாடா, இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு உட்காருவதை நிறுத்தினாள்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஆபிட்ஸ் கடைவீதிக்குப் போனேன். கடைகள் மூடியிருக்கும் ஞாயிறுகளில் அங்கே நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். கணவர் பழைய ரேடியோ சர்க்யூட் புத்தகம் தேடுகிறவர். நல்லதாக ஒன்று கிடைத்தால் வீட்டில் நன்றாக ஓடும் ரேடியோ ஒன்று அன்றைக்கே நின்றுபோகும். அவர் குனிந்து தேட, நான் வெயிலில் நின்றேன். சமையல் புத்தகத்துக்கும் எண் கணிதத்துக்கும் நடுவே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அட்டை பாதி இல்லை. மீதிப் பாதியில் ஒரு கை படம். விரல்கள் மடங்கிய கை.

எடுத்துப் பார்த்தேன். யாரோ ஓர் ஓய்வுபெற்ற நரம்பு டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியது. விற்பவர் ஸ்டூலில் உட்கார்ந்து பான் மென்றுகொண்டிருந்தார்.

"டாக்டருங்களுக்கான புக்கு மேடம். நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அப்ப கைக்கு?"

ஒருத்தி என்னிடம் கேட்ட அதே கேள்விதானே என்று தோன்றியது. பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். கணவருக்கு அதிர்ச்சி. கடைக்காரருக்கு அதைவிட அதிர்ச்சி. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து படித்தேன். டாக்டருக்கு எழுத வருகிறது, அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கதைக்கும் அவரேதான் கதாநாயகன். நோயாளி உள்ளே வருவார், நடந்து காட்டுவார், நாக்கை நீட்டுவார். டாக்டர் ஜன்னலைப் பார்த்து யோசிப்பார். உடனே அவருக்குப் புரிந்துவிடும். மூன்று வாரம் விக்கல் நிற்காத ஓர் அம்மாள், குறட்டை விட்டபடியே எழுந்து போய்த் தோட்டத்தைக் கொத்திவிட்டு வந்து படுக்கும் ஒரு தபால்காரர். இத்தனை பேரும் இவருடைய புத்திசாலித்தனத்தைக் காட்டுவதற்காகவே சீக்கில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

ஏழாவது ஆள், ஒரு கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. அவருடைய கை மரத்தில் பொம்மை செதுக்கும், ரொட்டிக்கு மாவு பிசையும். கோர்ட்டுத் தாளில் பேனாவை வைத்தால் மட்டும் கட்டைவிரல் உள்ளே போய்விடும். வேலைக்கு டபாய்க்கிறான் என்றார்கள் கூட இருந்தவர்கள். மனசு சரியில்லை என்றாள் மனைவி. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். இந்த முறை அவரை மன்னித்துவிட்டேன். இது சோம்பலும் இல்லை, பைத்தியமும் இல்லை, ஒரே அசைவை ஆயிரமாயிரம் தடவை செய்ததில் மூளை அந்த விரல்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாமல் குழம்பிவிட்டது என்று எழுதியிருந்தார். நான் அழுதுவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"என்னாச்சு? யாரு செத்தா?"

"யாரும் சாகல. இது நோயாம். பேரெல்லாம் இருக்கு."

"அதுக்கா அழுத?"

அடுத்த பக்கம் 'அவருக்கு நான் கொடுத்த சிகிச்சை' என்று முடிந்தது. ஆவலோடு எதிர்ப்பக்கத்துக்குத் தாவினேன். "அதன் பிறகு அவர் தினமும் நாயோடு கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார்" என்று இருந்தது. அதுதான் சிகிச்சை என்று ஒரு நிமிஷம் நான் நம்பினேன், ஹைதராபாத்தில் கடற்கரைக்கு எங்கே போவது என்று கவலையும் பட்டேன். பிறகுதான் பக்க எண்ணைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு நூற்றுப் பதினேழு. நடுவில் இரண்டு தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள். நாய் வேறு யாருடையதோ. ஒரு நாளைக்கு நூற்றைம்பது போர்டில் தலைமுடி அளவு விரிசல் பார்க்கிறவள், பக்கத்தை எண்ணாமல் குறைச் சரக்கை வாங்கி வந்திருக்கிறேன்.

சிகிச்சை போனால் போகட்டும் என்று குமாஸ்தாவின் கதையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரண்டாவது முறைதான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. குமாஸ்தா முடிக்காமல் விட்ட நகல்கள் ஓர் உதவியாளரின் தலையில் விழுந்ததாம், தாமதத்துக்காக அந்த உதவியாளரை வேலையிலிருந்து நீக்கினார்களாம். அவ்வளவுதான். அடுத்த வரியில் டாக்டர் மறுபடி கட்டைவிரலுக்குப் போய்விட்டார். அந்த உதவியாளர் என்ன ஆனார், தன் வேலையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டே செத்தாரா, யாராவது அவரிடம் போய்ச் சொன்னார்களா என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். கிழிந்த பக்கத்திலும் அது இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சேதி காத்திருந்தது. ஒன்பதாவது மேஜைக்காரி பேக்கிங்குக்கு மாற்றிக் கேட்டு மனு கொடுத்துவிட்டாள். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. பத்தொன்பது வருஷம் சால்டரிங் செய்தவள். மேலாளர் மனுவை என்னிடமே காட்டினார்.

"பார்த்தீங்களா, தானாவே ஒதுங்கிட்டாங்க. உங்க கண்டிப்புதான். புதன்கிழமை ஆர்டர் போட்டுடறேன்."

அவருக்கு ஒரே பெருமை. நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே போனது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் தேநீர் இடைவேளையில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். அவள் வழக்கம்போல மேஜையிலேயே இருந்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. குமாஸ்தாவின் கதையைத் தமிழில் சொன்னேன். ஜன்னல் பார்க்கும் டாக்டரையும் சேர்த்துச் சொன்னேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"இத எதுக்கு மேடம் என்கிட்ட சொல்றீங்க?"

"எனக்கும் அதான். கை சொன்ன பேச்சுக் கேக்கல. உன் டிரே வரும்போது கையெழுத்து வராது. அதனாலதான் ஹோல்டு போட்டேன்."

"எந்த ஹோல்டு?"

"ஆரம்பத்துல போட்டது எல்லாம்."

அவள் சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்ப என் ஜாயின்ட்டு?"

"ஒண்ணுலகூடத் தப்பு இல்ல."

நான் அழுகையை எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் அழவில்லை.

"ரெண்டு கண்ணாடி மாத்தினேன் மேடம். வீட்ல டீ கிளாஸ எடுத்தாலும் கை நடுங்குதான்னு பாத்துக்கினு இருந்தேன். எம் பொண்ணு ஊசி கோத்துக் குடும்மான்னா, நக்கோன்னு சொல்லிட்டேன், பயத்துல. அஞ்சு மாசம்."

"தப்புதாம்மா. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல."

"சால்வ போட்டாங்களே, அப்பகூடவா?"

அப்போதுகூடத்தான்.

"சாயங்காலமே மேனேஜர்கிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"நக்கோ மேடம். வாயால சொன்னது காத்துல போயிடும். நீங்கதான சொல்லுவீங்க, பாத்தவங்க பேரு எழுதணும்னு." மேஜை இழுப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இப்ப என்கிட்டச் சொன்னத அப்படியே எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

எழுதினேன். அவளுடைய வேலையில் குறை இல்லை, குறை என் கையில், அதை மறைத்தது நான் என்று நாலு வரி. ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. பிறகு கீழே பேனாவை வைத்தேன். கட்டைவிரல் மடங்கியது. மணிக்கட்டு வெளியே திரும்பியது. இதுவரை யாரும் இதை நேரில் பார்த்ததில்லை, கணவரைத் தவிர. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உதவிக்கு வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா வைத்த பெயரின் முதல் பாதியை முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தாள் மூன்று இடத்தில் கிழிந்தது. கேன்டீனிலிருந்து எல்லாரும் திரும்பி வந்து மேஜைகளில் உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் பார்க்க, கணவர் பெயரையும் எழுதி முடித்தேன்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குப் போனாள். பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டாள். கண்ணாடி இல்லாமலே குனிந்து, என் பெயரை எழுத்து எழுத்தாக, ஜாயின்ட் பார்ப்பது போலவே பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகு ஹோல்டு சீட்டில் ஒன்றைக் கிழித்து, டிக் அடித்து, தாளோடு சேர்த்து சிவப்பு டிரேயில் போட்டாள்.

"மறுபடி ஒரு தடவ டச் பண்ணிக் கொண்டாங்க மேடம்" என்றாள்.

எந்த எழுத்து என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தாள் எடுத்து, அந்த நாலு வரியை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.